தோலுக்குள் ஒரு திரவப் படிகம்

பெரியோர்களே, தோல் தொழிலோடு உறவுள்ள நண்பர்களே, வணக்கம்.

வேலூரில் நின்று கொலாஜன் என்ற புரதத்தைப் பற்றிப் பேசுகிறவனுக்கு முன்னுரை தேடும் சிரமம் இல்லை. இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும், சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கி, ஒட்டிய சதையை வழித்தெடுத்த பின் எஞ்சும் வெள்ளைத் தோலில், தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் பெரும்பகுதி அந்தப் புரதமே. அதன் மூலக்கூறுகள் தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் எப்படி ஒழுங்காக அமைந்தன என்பதே இன்றைய பேச்சின் பொருள். அந்த வேலையில் ஒரு பங்கை வெறும் நெருக்கமே செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

திரவப் படிகம் என்றதும் டிவித் திரைதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் 1888-இல் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலார் அதை முதலில் கண்டது கொலஸ்டிராலிலிருந்து பெற்ற ஒரு பொருளில். அது 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. இடைப்பட்ட அந்தக் கலங்கல் நிலையில் பொருள் திரவம்போல் ஓடும். மூலக்கூறுகளோ படிகத்தில்போல ஒரு திசை நோக்கி நிற்கும்.

வெப்பமின்றி, செறிவினாலேயே இந்நிலையை எட்டும் பொருள்களும் உண்டு. அகன்ற தட்டில் சில தீக்குச்சிகளைச் சிதறினால் அவை எப்படியும் கிடக்கும். குடியாத்தத்துப் பெட்டியில் அடைப்பதுபோல் நெருக்கினால், இணையாகப் படுப்பதைத் தவிர அவற்றுக்கு வழியில்லை. நீண்ட கோல் வடிவ மூலக்கூறுகளுக்கும் இது பொருந்தும் என்பதை 1949-இல் லார்ஸ் ஆன்சாகர் என்ற வேதியியலார் கணக்கிட்டுக் காட்டினார். கோல் எவ்வளவு நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்கிறதோ, அவ்வளவு குறைந்த செறிவிலேயே ஒழுங்கு பிறக்கும்.

கொலாஜன் மூலக்கூறு அப்படிப்பட்ட கோல்தான்: நீளம் ஏறத்தாழ 300 நானோமீட்டர், தடிமன் 1.5 நானோமீட்டர். மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட அதன் வடிவத்தை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு இன்னும் உரக்கச் சொல்லலாம்.

இனி, பிரான்சில் மேரி மடலீன் ஜிரோ-கீல் என்ற ஆய்வாளர் செய்துகாட்டிய சோதனைக்கு வருகிறேன். அசிட்டிக் அமிலத்தில் கரைத்த கொலாஜனை ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து, ஓரத்திலிருந்து நீர் மெல்ல ஆவியாக விடுகிறார்கள். ஒன்றுக்கொன்று குறுக்கே வைத்த இரண்டு தளவிளைவுத் தகடுகளுக்கு (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) நடுவே நுண்ணோக்கியில் பார்த்தால், முதலில் இருட்டு. செறிவு ஏற ஏற, ஓரத்தில் வெளிச்சம் தோன்றும். பிறகு கைரேகைபோல் வரிவரியாகக் கோடுகள் விழும். மூலக்கூறுகள் அடுக்குக்கு அடுக்குச் சற்றே திரும்பி, படிக்கட்டுச் சுழல்வதுபோல் நிற்பதன் அடையாளம் அது. அம்மோனியா ஆவியைக் காட்டியதும் அமிலத்தன்மை நீங்கி, கொலாஜன் நுண்ணிழைகளாகத் திரண்டு களிபோல் உறைகிறது. ஓடிக்கொண்டிருந்த ஒழுங்கு அப்படியே நிலைத்துவிடுகிறது. நண்டின் ஓட்டை வெட்டிப் பார்த்து இவ் பூலிகான் என்ற ஆய்வாளர் விளக்கிய வில் வடிவ வரிகளும் எலும்பில் காணும் வரிகளும் இதே சுழல் அமைப்பின் குறுக்குவெட்டுகளே. நண்டு ஓட்டில் இருப்பது கைட்டின். பொருள் வேறு, அமைப்பு ஒன்று.

ஆனாலும் தோல் இன்று திரவப் படிகம் அல்ல, அது திடப்பொருள். உயிருள்ள உடலில் இழையின் திசையைச் செல்களே பெரிதும் வழிநடத்துகின்றன என்று வாதிடுவோர் உண்டு, அவர்கள் காட்டும் சான்றும் வலுவானது. இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை: செல் தொடங்கிவைக்கிறது, நெருக்கம் முடித்துவைக்கிறது.

இந்த ஒழுங்கு கலைவதை டேனரியில் வேலை செய்வோர் நன்கறிவர். பதனிடாத தோலைச் சுடுநீரில் இட்டால் 60 டிகிரியைத் தாண்டிய சில டிகிரிகளிலேயே அது சுருண்டு குறுகும். அந்த நொடியிலேயே முறுக்கு அவிழ்ந்து, நுண்ணோக்கியில் தெரிந்த வெளிச்சமும் மங்கிவிடுகிறது. குரோம் ஏற்றிய தோலை மட்டும் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறோம். குரோமியம் அண்டை மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால், முறையாகப் பதனிட்ட துண்டு 100 டிகிரியிலும் சுருங்காமல் கிடக்கிறது.