ஒரே வருடத்தில் இரண்டு பெல்ட் காலி! உங்கள் ஸ்கூட்டர் கிளட்ச் ஏன் கொதிக்கிறது? விடை பனிமலையில் இருக்கிறது

(திரையில்: மேஜைமேல் மூன்று கறுப்பு பெல்ட்டுகள்)

மக்களே, வணக்கம். இந்த மூன்றும் என் ஸ்கூட்டரில் கிடந்த பெல்ட்டுகள். முதலாவது 22,000 கிலோமீட்டர் ஓடி நியாயமாகத் தேய்ந்தது. அதை விட்டுவிடுவோம். மற்ற இரண்டும் ஒரே வருடத்தில் போனவை, ஒன்றுகூட 6,000 தாண்டவில்லை. இரண்டாவது பெல்ட் போனபோது எனக்குக் கிடைத்த பதில் "டூப்ளிகேட் பெல்ட் போட்டிருப்பீங்க" என்பதுதான். நானும் நம்பினேன். பெல்ட் மேல் பழி போடுவது சுலபம், அதற்கு வாய் கிடையாதே.

உண்மையான குற்றவாளியை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு ஸ்னோமொபைல். ஆமாம், பனியில் ஓடுகிற வண்டிதான். முன்னால் இரண்டு சறுக்குக்கட்டை, பின்னால் டாங்கி மாதிரி ஒரு ரப்பர் பட்டை. சியாச்சினில் நம் ராணுவம் ஓட்டுகிறது, குல்மார்க் போனால் காசு கொடுத்து நாமும் ஏறலாம். நம் ராணுவத்தில் அதற்குப் பெயரே ஸ்னோ ஸ்கூட்டர். அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது உள்ளே திறந்து பார்த்தால்தான் தெரியும்: என்ஜின் சக்தியைக் கடத்துகிற ஏற்பாடு நம் கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருப்பதேதான்.

அந்த ஏற்பாட்டைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன், தூங்கிவிடாதீர்கள். இரண்டு புல்லி, நடுவில் ஆங்கில வி எழுத்து வடிவத்தில் ஒரு பெல்ட். என்ஜின் வேகம் கூடினால் முன் புல்லிக்குள் இருக்கும் ரோலர் என்கிற உருளை எடைகள் வெளிப்பக்கம் ஓடி, இரண்டு தட்டையும் நெருக்கும். பெல்ட் மேலே ஏறும், பின் புல்லி ஸ்பிரிங்கை எதிர்த்து விரியும். அவ்வளவுதான், கியர் தானாக மாறிவிட்டது. 1958-இல் ஹாலந்துக்காரர்கள் இதைக் காரிலேயே வைத்தார்கள், டாஃப் என்று பெயர். அந்தக் கார் முன்னால் போகிற அதே வேகத்தில் ரிவர்ஸிலும் போகும். சும்மா இருப்பார்களா? ரிவர்ஸிலேயே ரேஸ் நடத்தினார்கள்! இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தது 1984-இல் வந்த கைனெடிக் ஹோண்டா. உங்கள் வீட்டு மாமா யாராவது கட்டாயம் ஒன்று வைத்திருந்திருப்பார், கமென்டில் சொல்லுங்கள்.

சரி, சூட்டுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது.

பெல்ட் செயினைப் போலப் பல்லால் கடித்து இழுப்பதில்லை. இரண்டு பக்கச் சுவரையும் புல்லி நெருக்குகிற அந்தப் பிடியில்தான் எல்லாம் நடக்கிறது. எல்லாம் சரியாக இருக்கும்போதே சக்தியில் பத்தில் ஒரு பங்காவது வழுக்கலிலும் வளைவிலும் சூடாகப் போய்விடும். நம் ஸ்கூட்டருக்கு ஏறக்குறைய 8 குதிரைசக்தி. முழு ஆக்சிலேட்டரில் பத்தில் ஒன்று என்றால் 600 வாட். வீட்டு அயர்ன்பாக்ஸ் 1000 வாட். ஆக, பெல்ட்டை மூடியிருக்கிற உங்கள் கிக்கர் கவருக்குள் பாதிக்கு மேல் ஒரு அயர்ன்பாக்ஸ் எரிந்துகொண்டிருக்கிறது. பெரிய ஸ்னோமொபைலுக்கு 150 குதிரைசக்தி. கணக்குப் போடுங்கள், பதினோரு அயர்ன்பாக்ஸ்! வெளியே மைனஸ் இருபது டிகிரி, உள்ளே ஒரு பெட்டிக்குள் பதினோரு அயர்ன்பாக்ஸ். அங்கே ஓட்டுகிறவர்கள் ஸ்பேர் பெல்ட் இல்லாமல் வீட்டை விட்டு இறங்குவதில்லை என்றால் ஆச்சரியமில்லை.

கொஞ்சம் கூடுதலாக வழுக்கினால் போதும், இந்தச் சூடு ஏறும். பெல்ட் தொழிலில் பொதுவாகச் சொல்வார்கள், உள்சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்று.

(திரையில்: பெல்ட்டின் பக்கச் சுவர், கிட்டத்தில்)

இதோ பாருங்கள், நடுவில் கிடந்த பெல்ட். சுவர் மங்கலான கறுப்பாக இருக்க வேண்டும். இது கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. விரலால் தடவினால் வழவழவென்று, சோப்பு தேய்த்த கல் மாதிரி. வழுக்கினால் சூடு, சூடானால் பளபளப்பு, பளபளத்தால் இன்னும் வழுக்கல். ஒருமுறை இப்படி ஆகிவிட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுவதெல்லாம் காசு மிச்சம் இல்லை, நேரம்தான் வீண்.

இங்கே ஒரு சின்ன வேதனை. நாம் ரப்பர் ஊர்க்காரர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் குலசேகரம் பக்கம் வீட்டுக்கு வீடு ரப்பர் ஷீட் காய்கிறது, ஒட்டுப்பால் வாடை இல்லாமல் காலையே விடியாது. ஆனால் இந்த பெல்ட்டில் நம் ரப்பர் இல்லை! இயற்கை ரப்பருக்கு இந்தச் சூடும் எண்ணெயும் ஆகாது. பெரும்பாலும் போடுவது நியோப்ரீன் மாதிரியான செயற்கை ரப்பர். அது 1930-இல் அமெரிக்காவில் டூபான்ட் ஆட்கள் கண்டுபிடித்தது. நம் ஷீட் டயருக்குப் போகட்டும், பெல்ட்டுக்கு வேண்டாம்.

இப்போது இரண்டு வண்டிக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம். ஸ்னோமொபைலில் தனியாகக் கிளட்ச் ஷூ, அதாவது விரிந்து உரசிப் பிடிக்கிற கட்டை, கிடையாது. என்ஜின் நிமிடத்துக்கு 3,500, 4,000 சுற்று வரும்போது முன் புல்லி பெல்ட்டைப் பிடிக்கும், பெல்ட்டேதான் கிளட்ச். நம் ஸ்கூட்டரில் பெல்ட் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும், பின்னால் மூன்று கிளட்ச் ஷூ விரிந்து டிரம்மைப் பிடித்தால்தான் சக்கரம் நகரும். அதனால் ஏற்றத்தில் வண்டியை பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரிலேயே தொங்க விட்டு நிற்கிறீர்களே, மார்த்தாண்டத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் தினமும் பார்க்கிறேன், ஸ்னோமொபைலாக இருந்தால் பெல்ட் வெந்திருக்கும். ஸ்கூட்டரில் வேகிறது ஷூ. பிரேக்கைப் பிடியுங்கள் மக்களே, அது இலவசம்.

எது வேகிறது என்று மூக்கே சொல்லிவிடும். டயர் எரிந்த வாடை வந்தால் பெல்ட். மலை இறங்கி வந்த பஸ் பக்கத்தில் நின்றால் வருமே, அந்த பிரேக் வாடை வந்தால் கிளட்ச். வண்டி எடுக்கும்போது அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தாலும் ஷூதான். என்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை என்றால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள்.

(திரையில்: கவர் கழற்றிய ஸ்கூட்டர்)

என் கதைக்கு வருகிறேன். மூன்றாவது பெல்ட் போன அன்று பேச்சிப்பாறை ரோட்டில் வண்டி, பின்னால் ஐந்து ஏத்தங்குலை, அதாவது நேந்திரன் வாழைக்குலை. வாடை வந்ததும் ஓரம் கட்டினேன். கவரைத் திறந்த மெக்கானிக் அண்ணன் டிரம்மைக் காட்டினார்: மயில் கழுத்து நிறம். இரும்பு சூட்டில் நீலம் பூத்தால் அப்படித்தான் இருக்கும். பெல்ட்டும் வெந்திருக்கிறது, கிளட்ச்சும் வெந்திருக்கிறது. "மக்கா, ரெண்டும் சேர்ந்து வேகுதுன்னா பெல்ட்டுல குத்தமில்ல. வண்டிய எதுவோ பிடிச்சு வச்சிருக்கு" என்றார்.

அன்று ராத்திரிதான் ஸ்னோமொபைல் வீடியோ ஒன்றைப் பார்த்தேன். ராத்திரி நிறுத்திவைத்த வண்டியின் பட்டை பனியோடு உறைந்துபோயிருக்கும். தெரியாமல் ஆக்சிலேட்டரை முறுக்கினால் பட்டை நகராது, பெல்ட் நகராது, முன் புல்லி மட்டும் சுற்றும். பெல்ட்டின் ஒரே இடத்தை அறுத்துத் தள்ளிவிடும். உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்த பெல்ட்! அதனால் காலையில் முதல் வேலையாக வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப்போட்டுப் பட்டையை விடுவிக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எழுந்து போய் ஸ்கூட்டரை சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். அரைச் சுற்றில் நின்றது.

பின் பிரேக்! பிரேக் ஷூவை விரிக்கிற கேம் மழையில் துருப்பிடித்து, ஷூவைத் திரும்ப விடவில்லை. ஒரு வருடமாக நான் பிரேக் பிடித்துக்கொண்டே மலை ஏறியிருக்கிறேன்.

மற்ற சந்தேக நபர்களை வேகமாகச் சொல்கிறேன். சில ஸ்கூட்டர்களில் கிக்கர் கவருக்குக் காற்று வர ஒரு நுரை ஃபில்டர் உண்டு; முன் புல்லியின் விசிறி அந்த வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. என் வண்டியில் அதில் எஸ்டேட் செம்மண் அப்பி செங்கல் மாதிரி இருந்தது. ரோலர் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் சப்பையாகியிருந்தால் மாற்றுங்கள். புல்லியில் எண்ணெய் தெரிந்தால் முதலில் ஆயில் சீல், அதன் பிறகே பெல்ட். இரண்டு புல்லியும் நேர்வரிசையில் இல்லாமல் விலகுவது பெரும்பாலும் ஸ்னோமொபைல் பிரச்சினை, அங்கே என்ஜின் ரப்பர் தாங்கியில் உட்கார்ந்திருக்கிறது. ஆரல்வாய்மொழி எதிர்காற்றில் முழு ஆக்சிலேட்டரில் போகிறவர்களுக்கு அனுதாபம் மட்டும்தான் தர முடியும்.

எந்தப் புல்லி குற்றவாளி என்று பார்க்கவும் பனிக்காரர்களிடம் ஒரு வித்தை இருக்கிறது. ஓடி நிறுத்தியதும் இரண்டு புல்லியின் சூட்டையும் பார்ப்பார்கள். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் வழுக்கல் அங்கே. என்ஜினை அணைத்து, எல்லாம் நின்ற பிறகு டெம்பரேச்சர் கன்னால் பாருங்கள். விரலை வைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

புது பெல்ட் போட்டதும் முதல் ஐம்பது கிலோமீட்டராவது மெதுவாக ஓட்டுங்கள், குலை ஏற்றாதீர்கள். அம்புக்குறி இருந்தால் சுற்றும் திசையைப் பார்த்து மாட்டுங்கள். கிரீஸ் கையால் தொடாதீர்கள்.

இப்போது என் வண்டியில் இருக்கிற பெல்ட் 9,000 தாண்டிவிட்டது, சுவர் இன்னும் மங்கல் கறுப்புத்தான். பிரேக்கைச் சரிசெய்ய ஆனது ஒரு பெல்ட் விலையில் கால்வாசி. இந்தப் பழைய மூன்றையும் தூக்கிப் போடலாம் என்றால் அம்மா விடவில்லை. ஒன்று கோழிக்கூட்டுக் கதவுக்கு, இரண்டு வாழைக்கு முட்டுக் கட்ட. வீடியோ முடிந்ததா என்று வாசலில் நின்று கேட்கிறார், கொடுத்துவிட்டு வருகிறேன்.