தலைக்காயத்தைத் தவறவிட்டால்: கேஸ் ஷீட்டும் கேஸும்

நேயர்களுக்கு வணக்கமுங்க.

பெருந்துறை ரோட்டுல வண்டியோட சறுக்கி விழுந்தவரு, தோப்புல தேங்காய் தலையில விழுந்தவரு, பாத்ரூம்ல வழுக்கி விழுந்த அம்மிச்சி. மூணு பேருக்கும் ஆஸ்பத்திரியில ஒரே பதில்தான்: "ஒண்ணுமில்லீங்க, தையல் போட்டாச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." பெரும்பாலும் அது சரியாத்தான் இருக்கும். சிலருக்கு மட்டும் அன்னைக்கு ராத்திரியே வாந்தி மேல வாந்தி வரும், எழுப்புனா எந்திரிக்க மாட்டாங்க. அம்மிச்சிக்கு மூணு வாரம் கழிச்சு நாக்குக் குழறும், ஒரு கால் இழுக்கும். ஸ்கேன் எடுத்தா மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கும்.

அப்போ வீட்டுல எழும்புற கேள்வி: "முதல்லயே பார்த்திருக்க வேண்டாமா? கேஸ் போடலாமா?"

நோயைத் தவறவிட்டதே குற்றம்னு சட்டம் சொல்றதில்லைங்க. கோர்ட்டு ரெண்டு கேள்வி கேக்கும். அந்த நேரத்துல, அந்த அறிகுறிகளோட, சராசரித் திறமையுள்ள ஒரு டாக்டர் ஸ்கேன் எழுதியிருப்பாரா, இல்லைன்னா படுக்க வச்சுக் கவனிச்சிருப்பாரா? இது முதல் கேள்வி. அப்பவே கண்டுபிடிச்சிருந்தா விளைவு மாறியிருக்குமா? இது ரெண்டாவது. பல கேஸு இந்த ரெண்டாவதுலதான் படுத்துக்கும். ரத்தக்கட்டுன்னா சீக்கிரமா துளை போட்டு எடுத்திருக்கலாம்னு சொல்ல இடமிருக்குது. மூளையோட நரம்பு இழைகளே உலுக்கலுல அறுந்திருந்தா அதுக்கு ஆபரேஷனே கிடையாது. சி.டி. ஸ்கேன்ல அது சரியாத் தெரியறதும் இல்லை. அம்மிச்சிக்கு விழுந்த அன்னைக்கே ஸ்கேன் எடுத்திருந்தாலும் சுத்தமா இருந்திருக்கலாம், ஏன்னா அந்த ரத்தம் மெதுவாச் சேரும். ஆனா அவங்க ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுறவங்கன்னு சொல்லியும் யாரும் எழுதிக்கலைன்னா, அங்க கதை மாறுது.

எழுதறதுன்னு சொன்னேனுங்க, விஷயமே அதுலதான் இருக்குது. ஆஸ்பத்திரியில குடுக்கிற டிஸ்சார்ஜ் சம்மரியை லேமினேட் பண்ணி வச்சுக்கிட்டு, எல்லாம் கையில இருக்குதுன்னு நினைச்சிடாதீங்க. அது எல்லாம் முடிஞ்ச பொறகு, முடிவு தெரிஞ்ச பொறகு எழுதின காகிதம். உங்களுக்கு வேணுங்கிறது கேஸ் ஷீட், அதுவும் முழுசா: அட்மிஷன் குறிப்பு, நர்ஸ் மணிக்கணக்கா எழுதுன சார்ட், மருந்து சார்ட், ஸ்கேன் படம் பதிஞ்ச சி.டி. தட்டு, விபத்துன்னா ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டோட நகல்.

நர்ஸ் சார்ட்டுல எதைப் பார்க்கணும்? நினைவு நிலைக்கு ஒரு மார்க் இருக்குதுங்க. கண் திறக்கறதுக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. ராத்திரி 9 மணிக்கு 15, 11 மணிக்கு 14, 1 மணிக்கு 12ன்னு எழுதியிருந்து, டாக்டரைக் கூப்பிட்டதா ஒரு வரிகூட இல்லைன்னா, வக்கீல் பேச வேண்டியதை அந்தச் சார்ட்டே பேசிடும். இன்னொண்ணு, "சாராய வாடை"ன்னு எழுதி, பக்கத்துலயே "மயக்கமா இருக்கார்"னும் எழுதியிருப்பாங்க. போதைதானேன்னு விட்டுட்டாங்கன்னு அர்த்தம். குடிச்சவருக்கும் மண்டை உடையுமுங்க. மயக்கத்தைப் போதை மேல போடறதுக்கு முன்னாடி ஸ்கேன் பார்க்கணும்கிறது டாக்டருங்களுக்கே சொல்லிக் குடுக்கிற பாடம்.

இந்தக் காப்பியைக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்குது. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிப்படி, கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள தரணும். உள்நோயாளி ஆவணத்தை 3 வருசம் வச்சிருக்கணும். வாயால கேக்காதீங்க. ரெண்டு காப்பி எழுதி, ஒண்ணுல தேதியோட சீல் வாங்குங்க. சீல் போட மாட்டேன்னா ஸ்பீடு போஸ்ட்டுல அனுப்பி ரசீதை வைங்க. அரசு ஆஸ்பத்திரின்னா தகவல் உரிமைச் சட்டத்துலயும் கேக்கலாம். ஓ.பி.யில பார்த்துட்டு அனுப்பியிருந்தா, உங்க கையில குடுத்த அந்தச் சீட்டுத்தான் பெரும்பாலும் ஒரே சாட்சி. போகிக்கு அதையும் சேர்த்து எரிச்சிடாதீங்க, இப்பவே போன்ல படம் எடுத்து வைங்க.

அந்தக் காகிதக் கட்டை எடுத்துட்டு, அந்த ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத ஒரு மூளை நரம்பு அறுவை டாக்டர்கிட்டக் கருத்து வாங்குங்க. டாக்டர் கருத்து இல்லைன்னா கேஸே நிக்காதான்னு கேப்பீங்க. இதுக்கு ஹைதராபாத் கிஷன் ராவ் வழக்கைச் சொல்லாம நகர முடியாதுங்க. அவரோட மனைவிக்குக் காய்ச்சல், குளிரு. வந்தது மலேரியா, ஆஸ்பத்திரியில பார்த்தது டைபாய்டுன்னு. அந்தம்மா இறந்துட்டாங்க. வேடிக்கை என்னன்னா, வீட்டுக்காரர் மலேரியாத் துறையிலயே அதிகாரி. மாவட்ட நுகர்வோர் மன்றம் 2 லட்சம் இழப்பீடு குடுத்தது. மாநில ஆணையம் நிபுணர் சாட்சி இல்லைன்னு அதைத் தள்ளிருச்சு, தேசிய ஆணையமும் அதையே சரின்னு சொல்லிருச்சு. 2010ல உச்ச நீதிமன்றம் மாவட்டத் தீர்ப்பையே திரும்ப நிறுத்துச்சு. எல்லா வழக்குக்கும் நிபுணர் கட்டாயமில்லை, தப்பு பளிச்சுன்னு தெரிஞ்சா போதும்னு சொன்னாங்க. ஆனாலும் தலைக்காயம் அவ்வளவு பளிச்சுன்னு இருக்காது. கருத்து வாங்கிட்டே போங்க.

எங்க போறது? காசு கட்டிப் பார்த்த ஆஸ்பத்திரின்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். இன்சூரன்ஸ் கம்பெனி கட்டியிருந்தாலும் கணக்கு அதேதான். 2019 சட்டம் வந்த பொறகு நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம். கோபிக்காரருக்குக் கோயமுத்தூர்ல வைத்தியம் நடந்திருந்தா ஈரோட்டுலயே போடலாமுங்க. ஆஸ்பத்திரிக்குக் கட்டுன தொகை 50 லட்சம் வரைக்கும் மாவட்டம்தான். கவனிங்க, கேக்கிற இழப்பீடு இல்லை, கட்டுன தொகை. 4 லட்சம் கட்டிட்டு 30 லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான், கட்டுன தொகை 5 லட்சம் வரைக்கும்னா மனுவுக்குக் கட்டணமே கிடையாது. கெடு 2 வருசம். பாதிப்பு பின்னால தெரிஞ்சிருந்தா தெரிஞ்ச நாள்ல இருந்து எண்ணணும்னு வாதாடலாம், ஆனா அதை நம்பி உக்காந்துக்காதீங்க. பில்லு, சம்பள இழப்பு, பார்த்துக்கிற ஆளுக்கான கூலி, ஊனச் சான்று எல்லாத்தையும் சேர்த்து வைங்க.

எல்லாருக்குமே இலவசமா வைத்தியம் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரின்னா நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, 1995லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. அதுக்கு சிவில் கோர்ட்டோ, உயர் நீதிமன்றத்துல ரிட் மனுவோ இருக்குது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சுன்னு கையைக் காட்டிட்டாங்க. மிச்சத்தை வேகமாச் சொல்லிடறேன். சாலை விபத்துன்னா வண்டி இன்சூரன்ஸ் மேல மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துல தனியா ஒரு மனு இருக்குது, 6 மாசக் கெடு, ஆஸ்பத்திரிச் சண்டையில அதை மறந்துடாதீங்க. டாக்டர் நடத்தை பத்தின புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. அங்க நடவடிக்கை எடுப்பாங்க, இழப்பீடு கிடைக்காது. போலீஸ் கேஸுக்கு சாதாரணக் கவனக்குறைவு பத்தாது, மிக மோசமான அலட்சியம் வேணும், அதுவும் வேற டாக்டரோட கருத்தை வாங்கிட்டுத்தான் நகரும். வக்கீல் வைக்க வசதியில்லைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்குது, பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவசம். போன் நம்பர் 15100. ஒண்ணு, அஞ்சு, ஒண்ணு, சைபர், சைபர். வணக்கமுங்க.