முடுக்கி நின்றது, மென்பொருள் நிற்கவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

அணுவினும் சிறிய துகள்களைப் பெரும் வேகத்துக்கு உந்தும் இயந்திரம் துகள் முடுக்கி. அதில் காந்தங்கள், வெற்றிடப் பம்புகள், உணரிகள் என்று ஆயிரக்கணக்கான கருவிகள் இருக்கும். இவற்றைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்கும் மென்பொருளை 1980கள் வரை பெரும்பாலான ஆய்வகங்கள் தனித்தனியாகவே எழுதிக்கொண்டன.

அமெரிக்காவின் லாஸ் அலமோஸில், 'நட்சத்திரப் போர்' என்று பெயர்பெற்ற ஏவுகணைத் தடுப்புத் திட்டத்துக்காக ஒரு சோதனை முடுக்கி உருவாகிவந்தது. அதற்கான மென்பொருளை பாப் டலேசியோவின் குழு எழுதியது. சிகாகோவுக்கு அருகே உள்ள ஆர்கோன் ஆய்வகம், தன் புதிய எக்ஸ்-கதிர் நிலையத்துக்கு அதையே எடுத்துக்கொள்ள முன்வந்தது. 1989இல் இரு தரப்பும் கைகோத்தன. பிறந்தது 'எபிக்ஸ்'. அந்தச் சோதனை முடுக்கித் திட்டம் பிறகு கைவிடப்பட்டது. மென்பொருளோ ஹவாயின் கெக் தொலைநோக்கி வரை போனது. இன்று பிரான்சில் எழும் ஐட்டர் அணுக்கரு இணைவு உலைக்கும் அதுதான்.

எப்படிப் பரவியது? அதன் அமைப்பே காரணம் என்பேன். ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. ஒரு காந்தத்தின் மின்னோட்டம் வேண்டுமென்றால், கேட்கும் கணினி அந்தப் பெயரை வலைப்பின்னல் முழுக்கக் கூவும். அதை வைத்திருக்கும் கணினி 'என்னிடம் இருக்கிறது' என்று பதில் தரும். நடுவில் தலைமைக் கணினி எதுவும் தேவையில்லை. அதன்பின் மதிப்பு மாறினால் மட்டுமே செய்தி வரும். புதிய கருவியைச் சேர்ப்பவர் பெரும்பாலும் நிரல் எழுத வேண்டியதில்லை. படிவம்போல முன்பே தயாராக இருக்கும் பதிவுகளை நிரப்பினால் போதும். இயற்பியலாளர்களுக்கு இது பெரிய விடுதலை! ஒருவர் எழுதிய கருவி இயக்கி இன்னொரு நாட்டு ஆய்வகத்திலும் ஓடியது.

ஆனால் உரிம ஒப்பந்தம் போட்டால்தான் மென்பொருள் கையில் கிடைக்கும் என்ற நிலை வெகுகாலம் இருந்தது. 2004இல்தான் அது முழுத் திறமூலமானது; அதாவது, யாரும் அதன் நிரலை எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்றானது. இவ்வளவு தாமதித்திருக்க வேண்டாம்.

ஐரோப்பாவில் வேறொரு கூட்டணி வளர்ந்தது. பிரான்சின் கிரெனோபிளில், எலக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு எக்ஸ்-கதிர் உண்டாக்கும் சின்க்ரோட்ரான் நிலையத்தில் 1999வாக்கில் தொடங்கிய 'டாங்கோ' மென்பொருள், பெயரிட்ட தனித்தனி மதிப்புகளுக்குப் பதிலாக, ஒவ்வொரு கருவியையும் தன் மதிப்புகளும் கட்டளைகளும் சேர்ந்த ஒரே அலகாகப் பார்க்கிறது. எது மேல் என்ற வாதம் இரு தரப்புப் பொறியாளர்களிடமும் ஓய்ந்தபாடில்லை. மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் அஸ்காப் ரேடியோ தொலைநோக்கியை எபிக்ஸ் இயக்குகிறது. அதே வளாகத்தில் எழும் எஸ்கேஏ தொலைநோக்கிக்கு டாங்கோவைத் தேர்ந்திருக்கிறார்கள்.