அந்த வானில் என்ன காத்திருந்தது என்று யாருக்குத் தெரியும்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எம்.எச். 17 விமானம் வீழ்ந்ததில் பெரும்பழி ஏவுகணையை ஏவியவர்களைச் சேருமா, வான்வெளியைத் திறந்து வைத்தவர்களைச் சேருமா என்பது இன்றைய கேள்வி. ஏவியவர்களையும், அந்த ஆயுதத்தை அவர்கள் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களையுமே சேரும் என்பது எங்கள் அணியின் வாதம்.

2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட அந்த மலேசிய விமானத்தில் 298 பேர் இருந்தார்கள். உக்ரைன் படையும் ரஷ்ய ஆதரவுக் கிளர்ச்சியாளர்களும் போரிட்டுக்கொண்டிருந்த கிழக்கு உக்ரைனின் மேலே அது வீழ்த்தப்பட்டது; ஒருவரும் பிழைக்கவில்லை. எதிரணித் தலைவர் இங்கே ஒரு கேள்வி கேட்டார்: மூன்று நாட்களுக்கு முன்புதான் உக்ரைனின் ஆன்டனோவ் ராணுவ விமானம் ஒன்று அதே போர்க்களத்தில் வீழ்த்தப்பட்டிருக்க, கீவ் அரசு 32,000 அடிக்குக் கீழே மட்டும் தடை விதித்துவிட்டு, 33,000 அடியில் பயணிகள் விமானம் பறக்க எப்படி விட்டது? நியாயமான கேள்வி. வான்வெளியை முழுவதுமாக மூடுவதற்குப் போதிய காரணம் இருந்தது என்று நெதர்லாந்தின் பாதுகாப்பு விசாரணை வாரியமே 2015ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதியிருக்கிறது. அந்தத் தவற்றை நான் மறைக்க மாட்டேன். விமான நிறுவனங்களும் விழிப்பாக இருக்கவில்லை. அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 160 விமானங்கள் அந்தப் பகுதியைக் கடந்திருக்கின்றன.

ஆனால் நடுவர் அவர்களே, ஆபத்து இருக்கலாம் என்று ஐயப்பட வேண்டியவன் அசட்டையாக இருந்தது வேறு. ஆபத்தையே கையில் வைத்திருந்தவன் அதை ஒளித்து வைத்தது வேறு. அத்தனை உயரத்துக்கு எட்டும் பக் ஏவுகணை அன்று அந்த வயல்வெளியில் நிற்கிறது என்பதை உறுதியாக அறிந்திருந்தவர்கள் யார்? ரஷ்யாவின் கூர்ஸ்க் நகரிலுள்ள 53ஆவது விமான எதிர்ப்புப் படைப்பிரிவுக்குச் சொந்தமான அந்த ஏவு வாகனத்தை எல்லை தாண்டிக் கொண்டுவந்து, டோனெட்ஸ்க் வழியாக லாரியில் ஏற்றிச் சென்று, பெர்வோமைஸ்கி அருகே நிறுத்தியவர்கள்தாம். வானில் பயணிகள் விமானங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்ததும் அவர்கள் தலைக்கு மேலேதான். அவர்கள் யாரையும் எச்சரிக்கவில்லை.

"ராணுவ விமானம் என்று தவறாக எண்ணிவிட்டார்கள்" என்று எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர் இரக்கம் கோரினார். அப்படி எண்ணியிருக்கலாம் என்பதை இந்த வழக்கை விசாரித்த நெதர்லாந்தின் ஹேக் நீதிமன்றமும் மறுக்கவில்லை. ஆயினும் 2022 நவம்பர் 17 அன்று அது வழங்கிய தீர்ப்பு, போர்வீரருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு இந்தக் கிளர்ச்சியாளர்களுக்கு இல்லை என்றது. ஏனென்றால், இவர்கள் எங்கள் படையினர் அல்லர் என்று ரஷ்யா சொல்லிவந்தது, இவர்களும் அப்படியே சொல்லிவந்தார்கள். எனவே ராணுவ விமானத்தைக்கூடச் சுட இவர்களுக்கு உரிமை கிடையாது. ஒரு பக் தொகுதி முழுமையாக இயங்கும்போது தேடல் ரேடாரும் கட்டளை வாகனமும் உடனிருக்கும்; இங்கே விசாரணையாளர்கள் கண்டது தனியே வந்த ஒற்றை ஏவு வாகனத்தை. வானத்தைச் சரியாகப் பார்க்க வழியில்லாமல் சுடத் துணிந்ததைத் தவறு என்ற மெல்லிய சொல்லால் மூடிவிட முடியுமா?

அந்தத் தீர்ப்பு ஆத்திரத்தில் எழுதப்பட்டதும் அன்று. குற்றம் சாட்டப்பட்ட நால்வரில் ஒருவரைச் சான்று போதவில்லை என்று விடுவித்த நீதிமன்றம்தான், கிளர்ச்சிப் படைத் தலைவர் இகோர் கிர்கின் உள்ளிட்ட மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

சுட்ட பிறகு நடந்ததையும் அவை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். உடல்கள் சூரியகாந்தி வயல்களில் கிடக்க, ஏவு வாகனம் அவசரமாக ரஷ்யாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. பன்னாட்டுத் தீர்ப்பாயம் அமைக்கும் தீர்மானத்தை 2015 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் ரஷ்யா தன் தடுப்பதிகாரத்தால் (வீட்டோ) வீழ்த்தியது. வான்வெளியைத் திறந்து வைத்த தவறு விசாரணை அறிக்கையில் வெளிப்படையாகப் பதிவாகிவிட்டது. தண்டனை பெற்ற மூவரோ இந்த வழக்குக்காக இன்றுவரை ஒரு நாள்கூடச் சிறையில் இருந்ததில்லை.