வாட்டுவது வட்டியே

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, கடலூர் முதுநகர் முதல் தேவனாம்பட்டினம் வரை ஊரின் பல பகுதிகளிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"சாமானியக் குடும்பத்தைப் பெரிதும் வாட்டுவது விலைவாசியா, வட்டியா?" என்பது இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர், விலைவாசி எல்லார் வீட்டு அடுப்பையும் தொடுகிறது, வட்டியோ கடன் வாங்கியவரை மட்டுமே தொடுகிறது என்று வாதாடிவிட்டு அமர்ந்திருக்கிறார். அதில் முதல் பாதியை நான் மறுக்கவில்லை. இரண்டாம் பாதியை ஏற்பதற்கில்லை.

ஒரு ரூபாய்கூடக் கடன் இல்லாதவர்கள் இந்த அவையில் இருக்கலாம். அவர்களும் வட்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2025-26ஆம் ஆண்டுக்கான ஒன்றிய அரசின் வரவு செலவுத் திட்டப்படி, செலவாகும் ஒவ்வொரு ரூபாயிலும் 20 காசு, அரசு வாங்கிய கடனுக்கான வட்டிக்கே போகிறது. வரி கொடுத்துச் சோப்பு வாங்கும் எவருக்கும் அந்த 20 காசில் பங்குண்டு. லாரி உரிமையாளர் கட்டும் தவணை வாடகையில் ஏறுகிறது. வாடகை காய்கறி விலையில் ஏறுகிறது. எதிரணியினர் விலைவாசி என்று சுட்டிக்காட்டும் தொகைக்குள்ளேயே வட்டியும் அடங்கியிருக்கிறது.

2023 ஜூலை மாதத்தை எண்ணிப் பாருங்கள். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. நாட்டின் சில்லறைப் பணவீக்கம், அதாவது கடை விலைகள் ஓராண்டில் உயர்ந்த வீதம், அந்த மாதம் 7.44 சதவீதத்தைத் தொட்டது. புதிய வரத்து சந்தைக்கு வந்ததும் செப்டம்பரில் அது 5.02 சதவீதமாக இறங்கியது. வட்டி அப்படி இறங்கியதா? 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2025 பிப்ரவரி வரை, இரண்டு ஆண்டுக் காலம், அது அங்கேயே நின்றது. பணவீக்கத்தை 2 முதல் 6 சதவீதத்துக்குள் வைத்திருக்கும் பொறுப்பை 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ரிசர்வ் வங்கிக்குக் கொடுத்திருக்கிறது என்பதை அறிவேன். ஆனால் பணவீக்கத்தை அளக்கும் அன்றைய விலைக் குறியீட்டில் ஏறத்தாழ 46 சதவீதம் உணவுப் பொருள்கள். மழையில் அழுகிய தக்காளியை வட்டியை உயர்த்தி மீட்க முடியாது. உயர்த்திய வட்டியின் சுமை மட்டும் தவணை கட்டுபவரின் தலையில் தங்கிவிடுகிறது.

அந்தச் சுமை எவ்வளவு என்று ஒரு வீட்டுக் கணக்கில் பார்ப்போம். 2021இல் ஒருவர் 20 ஆண்டுத் தவணையில், 6.5 சதவீத வட்டிக்கு 20 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 14,900 ரூபாய். ஓராண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகு, ரெப்போவோடு சேர்ந்து அவருடைய வட்டியும் 9 சதவீதமாக உயர்கிறது. தவணையை மாற்றாமல் அவர் கட்டிக்கொண்டே வந்தால், மாதம் 14,600 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போய்விடும். அசலில் 300 ரூபாய்கூடக் கழியாது. துவரம்பருப்பு விலை ஏறினால் கால் கிலோ குறைத்து வாங்கலாம், ரேஷன் கடையில் கிடைப்பதை வைத்துச் சமாளிக்கலாம். அதுவும் வேதனைதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த வங்கியிலும் தவணையைக் கால் பங்கு குறைத்துக் கட்டிவிட்டு வர முடியாது.

இவர்களாவது வங்கிக்குள் நுழைய முடிந்தவர்கள். துறைமுகத்தில் விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்கும் அக்காவுக்கு முதல் போடுவது யார்? தண்டல்காரர். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, ஆயிரத்தை முன்கூட்டியே பிடித்து ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுப்பார்; நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கேட்பதற்குப் பத்துச் சதவீதம்போலத் தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது. நாள்தோறும் குறைந்துவரும் அந்த அசலுக்கு ஆண்டு வட்டி கணக்கிட்டால் 75 சதவீதத்துக்கும் மேல் வருகிறது. மும்பையில் ரெப்போவைக் கால் சதவீதம் குறைத்தார்கள் என்ற செய்தி அந்த அக்காவின் தண்டல் அட்டையில் ஒரு நாளும் பதிவாவதில்லை. நிலமும் ஆவணமும் உள்ள விவசாயிக்கு, கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீதத்தில் கடன் உண்டு. தவறாமல் திருப்பிச் செலுத்தினால் அதுவே 4 சதவீதம். பக்கத்து வயலில் வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர் வெளியில்தான் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. ஒரே மண்ணில் ஒரே பயிருக்கு இரண்டு வட்டி. உர மூட்டையின் விலை இருவருக்கும் ஒன்றுதான் என்பதையும் எதிரணியினர் கவனிக்க வேண்டும்.

கடற்கரையில் வட்டி வேறொரு வேடத்திலும் வரும். வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரர், பிடித்துவரும் மீனை அவரிடமே போட வேண்டும். ஒவ்வொரு முறையும் விலையில் ஒரு பங்கை அவர் கழிவாக எடுத்துக்கொள்வார். தாளில் வட்டி என்ற சொல்லே இருக்காது. சந்தையில் வஞ்சிரத்தின் விலை ஏறினாலும், அந்த ஏற்றம் பிடித்தவரின் கைக்கு முழுதாக வராது.

துருக்கியில் வட்டியைக் குறைத்துக்கொண்டே போனதால் 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியதே என்று எதிரணித் தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வட்டி விகிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு குறைக்கச் சொல்லி நான் இங்கே வாதாட வரவில்லை. விலையை அடக்கும் செலவை யார் தலையில் ஏற்றுகிறோம் என்பதே என் கேள்வி. கையில் முதல் உள்ளவருக்கு வட்டி உயர்ந்தால் வைப்புத்தொகைக்கு வருமானம் கூடுகிறது. முதல் இல்லாதவருக்குக் கடன் கூடுகிறது.

நிறைவாக ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகைப் பழுதுபார்க்கும் செலவும் அப்போதுதான் வருகிறது. தமிழ்நாடு அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அதைப் பகுத்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். வாங்கிய கடனின் வட்டிக்கோ தடைக்காலம் கிடையாது. அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழரிடம் கேட்கிறேன்: அந்த 61 நாட்களில் எந்தப் பொருளின் விலை எவ்வளவு இறங்கினால் அந்த வட்டி அடையும் என்று, நடுவர் அவர்கள் முன்னிலையில் கணக்கிட்டுச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.