பள்ளத்தோரத்து வீதிகள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கோயமுத்தூரில் வெள்ள அபாயம் என்று பேச்செடுத்தால், "நம்மூர்லயா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. மலையின் மழை மறைவில் இருக்கும் ஊர் இது. ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் ஏறக்குறைய 600, 700 மில்லிமீட்டர் மழைதான். கொங்கு நாட்டில் பெரியவர்கள் சொல்லும் பழைய துயரமெல்லாம் வறட்சிதான். 1876-ல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் தலைமுறை தாண்டியும் பேச்சில் இருந்தது. 2017-ல் சிறுவாணி அணை அடிமட்டத்துக்குப் போனதை நாமே பார்த்தோம். இப்படிப்பட்ட ஊரில் மனை வாங்குகிறவர் போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்றுதான் கேட்பார். மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று கேட்பவர் குறைவு. அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஓடையைத்தான் நம்மூரில் பள்ளம் என்கிறோம். சங்கனூர்ப் பள்ளத்தை எடுத்துக்கொள்வோம். குருடி மலை அடிவாரத்திலிருந்து துடியலூர், கவுண்டம்பாளையம், ரத்தினபுரி என்று ஊருக்குள் நுழைந்து, சிங்காநல்லூர்ப் பக்கம் போய்ச் சேர்கிறது. ஆண்டில் பெரும்பாலான நாள் அதில் ஓடுவது சாக்கடைத் தண்ணீர்தான். அதனால்தான் அதை நீரோட்டம் என்று யாரும் மதிப்பதில்லை. குப்பை கொட்டுகிறோம், கட்டட இடிபாடுகளைத் தள்ளுகிறோம், கரையைச் சுருக்கிச் சுவர் எழுப்புகிறோம். மலையில் ஒரு நல்ல மழை பெய்தால் அந்தத் தண்ணீர் பழைய அகலத்தைத் தேடிக்கொண்டு வருகிறது.

பள்ளத்தோரத்தில் குடியிருக்கும் ஒரு அம்மாவின் வீட்டைப் பார்த்தேன். வாசலில் மூன்று படி உயர்த்திக் கட்டியிருக்கிறார். பிரிட்ஜ், ஹாலோ பிளாக் கல் மேல் நிற்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் கட்டி அட்டாலியில் இருக்கின்றன. "மானம் இங்க வெளுத்துத்தானுங்க இருந்துச்சு. தண்ணி மட்டும் வந்துருச்சு" என்றார். பள்ளத்து வெள்ளத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. நம் தலைக்கு மேல் என்ன பெய்கிறது என்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது. மேற்கே மலைப் பக்கம் கருத்திருக்கிறதா, மேட்டுப் பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் போனில் என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.

கொஞ்சம் கணக்கும் போடலாம். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஐந்து சென்ட் மனையில் மட்டும் ஏறக்குறைய 20,000 லிட்டர் விழுகிறது. கிட்டத்தட்ட இரண்டு லாரித் தண்ணீர். அது தோட்டமாக இருந்தபோது மண் ஒரு பங்கைக் குடித்துக்கொண்டது. இப்போது வாசலெல்லாம் சிமென்ட், வீதியெல்லாம் தார். அத்தனையும் ஒரே நேரத்தில் பள்ளத்துக்கு ஓடுகிறது.

2011 நவம்பரில் திருப்பூரில் இதைத்தான் பார்த்தோம். ஓடையோரக் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. காவிரிக் கரையில் நிலைமை வேறு. 1924 பெருவெள்ளம் பயங்கரமானது, உண்மைதான். ஆனால் மேட்டூர் அணை 1934-ல் முடிந்த பிறகு, எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். 2018 ஆகஸ்டில் பவானியிலும் ஈரோட்டிலும் கரையோர மக்களை முகாம்களுக்கு நகர்த்த நேரம் கிடைத்தது. பள்ளத்துக்கு அணையும் இல்லை, அப்படி முன்கூட்டியே வரும் அறிவிப்பும் இல்லை. மலையில் பெய்த மழை சில மணி நேரத்தில் வாசலுக்கு வந்துவிடும்.

சரி, வீடு வாங்கப்போகிறவர்கள் என்ன செய்வது? வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், பட்டா பார்க்கிறோம். அதோடு கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால், இன்று அங்கே தண்ணீரே இல்லாவிட்டாலும் வழி அதுதான். அப்புறம், அந்த வீதியில் முப்பது வருடமாக இருக்கும் மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள். எந்த மழைக்கு எந்தப் படி வரை ஏறியது என்று விரலால் காட்டுவார்.

சுவரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2019 டிசம்பர் 2 விடியுமுன் மேட்டுப்பாளையம் நடூரில் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்துபோனார்கள். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. மண்ணை அணைத்து நிற்கும் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் சுவர் மேல் ஏறும் பாரம் வெகுவாகக் கூடும். அதனால்தான் அடியில் ஓட்டை விட்டுக் கட்டுகிறார்கள். மழை பெய்து முடிந்ததும் உங்கள் வீட்டை ஒட்டிய உயரமான சுவரைப் பாருங்கள். நடுவில் உப்பியிருக்கிறதா? குறுக்கே வெடிப்பு ஓடுகிறதா? ஓட்டை அடைத்து, கல் சந்துகளில் ஈரம் கசிகிறதா? தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் அந்தச் சுவர்ப் பக்கம் அன்றிரவு யாரும் படுக்கக்கூடாது. சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையது என்று கூச்சப்பட்டு இருந்துவிடாதீர்கள்.

காற்றையும் விட்டுவிட முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று தகரக் கூரையையும் விளம்பரப் பலகையையும் பெயர்க்கும். 2023 ஜூனில் கருமத்தம்பட்டி அருகே பலகைச் சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். நிலநடுக்கமும் நமக்குப் புதிதல்ல. 1900 பிப்ரவரி 8 அதிகாலையில் கோவைப் பகுதியில் ஏற்பட்ட, ஏறக்குறைய 6 ரிக்டர் அளவு நடுக்கம் தென்னிந்தியா முழுக்க உணரப்பட்டது. மாடி மேல் மாடி எடுக்கிறவர்கள் பொறியாளரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

மழை நாளில் லங்கா கார்னர், சிவானந்தா காலனி மாதிரியான பாலத்தடிகளில் தண்ணீர் நின்றால் வண்டியை விடவே விடாதீர்கள். ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். இரண்டடி இருந்தால் காரையே இழுத்துக்கொண்டு போகும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

இன்னொன்று. பள்ளத்தோர லைன் வீடுகளில் இன்று பாதிக்கு மேல் பீகார், ஒடிசாப் பக்கம் இருந்து வேலைக்கு வந்தவர்களைத்தான் பார்க்கிறேன். வாடகை குறைவு என்று வந்திருக்கிறார்கள். எச்சரிக்கை வண்டி வந்தாலும் தமிழில்தான் சொல்லிக்கொண்டு போகும். அவர்களுக்கு அது புரியாது. அந்தப் பள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று அவர்களுக்குத் தெரியவும் வாய்ப்பில்லை. வீட்டுக்காரர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அட்வான்ஸ் வாங்கும் அன்றே, தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரில் காட்டுங்கள். இரவில் எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்று நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஒவ்வொரு லைனிலும் தமிழ் பேசத் தெரிந்த ஒரு பையன் இருப்பான். அவன் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மலைப் பக்கம் கருத்தால் முதல் போன் அவனுக்குப் போகட்டும்.

நன்றி, வணக்கம்.