கோபெக்லி தெப்பே: கோயில் முதலில் வந்ததா, ஊர் முதலில் வந்ததா?

துருக்கியில் உள்ள பழங்கால அகழாய்வு மேடான கோபெக்லி தெப்பே பற்றிய வீடியோவுக்கு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "விவசாயமே தெரியாத வேட்டைக்காரர்கள் இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டினார்கள் என்றால், மனிதனை ஓரிடத்தில் தங்க வைத்ததே கோயில்தானா? அங்கே போக நினைக்கிறேன், எங்கிருந்து தொடங்கலாம்?"

முதலில் அதன் வயதைப் பாருங்கள். கி.மு. 9500 வாக்கில் தொடங்கிய இடம் அது. எகிப்துப் பிரமிடுகளே அதற்கு ஏறக்குறைய 7000 ஆண்டு பிந்தியவை. மண்பானை கிடையாது, உலோகம் கிடையாது, சக்கரம் கிடையாது. கல் கருவிகளாலேயே சுண்ணாம்புப் பாறையை வெட்டி, 'டி' வடிவத் தூண்களை வட்டம் வட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு வட்டத்தின் நடுவில் நிற்கும் இரண்டு தூண்கள் ஐந்தரை மீட்டர் உயரம். அவற்றின் பக்கவாட்டில் மடித்த கைகள், முன்புறம் வந்து கூடும் விரல்கள், இடுப்புப் பட்டை, நரித்தோல் கோவணம் எல்லாம் செதுக்கியிருக்கிறது. முகம் மட்டும் இல்லை. எனக்கு அவை தூண்களாகவே தெரியவில்லை, ஆட்களாகத்தான் தெரிந்தன.

1995 முதல் 2014இல் இறக்கும்வரை அங்கே அகழாய்வை நடத்தியவர் ஜெர்மானியரான கிளாவுஸ் ஷ்மிட். கோயில் முதலில் வந்தது, அதைக் கட்டக் கூடியவர்களுக்குச் சோறு போடத்தான் பயிர்த்தொழில் வந்தது என்பது அவர் கருத்து. கிடைத்த எலும்பெல்லாம் காட்டு விலங்குகளுடையவை. வளர்ப்புக் கோதுமையில் ஒரு பழைய வகைக்குத் தாயகமாகக் கருதப்படும் கராஜா மலையும் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் அந்தக் கருத்து உலகம் முழுக்கப் பரவியது.

நான் அதை அப்படியே ஏற்கவில்லை. ஏனென்றால், பிற்பாடு நடந்த ஆய்வுகளில் அதே மேட்டில் குடியிருந்த வீடுகள், மழைநீர்த் தொட்டிகள், ஆயிரக்கணக்கில் அரைக்கும் கற்கள் எல்லாம் கிடைத்துவிட்டன. கும்பிட்டுவிட்டுக் கலைந்து போனவர்கள் இவ்வளவு கற்களை வைத்திருக்க மாட்டார்கள். காட்டில் தானாக விளைந்த தானியத்தை அரைத்துச் சாப்பிட்டு அங்கேயே வாழ்ந்திருக்கிறார்கள். அதற்கும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பே, இன்றைய இஸ்ரேல் பகுதியில் நத்தூஃபியர்கள் என்ற பழங்கால வேட்டை மக்கள் வட்டமான கல் வீடுகள் கட்டிக் குடியிருந்தார்கள். அவர்களும் விதைத்து அறுத்தவர்கள் இல்லை. ஆக, ஓரிடத்தில் தங்குவதற்குக் கோயிலும் வேண்டியிருக்கவில்லை, ஏரும் வேண்டியிருக்கவில்லை. காட்டிலேயே வயிறு நிறைந்தது, தங்கினார்கள். ஆனால் பல டன் எடையுள்ள கல்லை நகர்த்தப் பல குடும்பங்கள் சேர வேண்டும், அத்தனை பேருக்கும் சாப்பாடு வேண்டும். விதைக்கத் தொடங்க அது ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்று நானும் நம்புகிறேன்.

அப்புறம், போகிற விஷயம். முதலில் பக்கத்திலிருக்கும் ஷன்லிஉர்ஃபா நகர அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அந்தப் பெரிய வட்டத்தை அங்கே முழு அளவில் அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள், தூண்களுக்கு நடுவே நடக்கலாம். அசல் இடத்தில் கூரைக்குக் கீழே நடைபாதையில் நின்றுதான் பார்க்க முடியும். அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போனால், எந்தத் தூணில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருக்கும். கோடையில் அங்கே வெயில் கொளுத்தும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.